விட்பி ஜெட் நகைகள்: ஐவிக் கொடியும் ஒடிந்த மொட்டும்

இங்கிலாந்தில் பழம்பொருள் சந்தைக்குப் போகிறவர்கள் கறுப்பு நகைத் தட்டை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள். யார்க்‌ஷயருக்குக் குடிவந்த பிறகு, அங்குள்ள விட்பி என்ற கடலோர ஊரின் ஜெட் என்னும் கறுப்பு நகைப்பொருள் மேல் எனக்கு வந்த ஆசை இன்னும் அடங்கவில்லை.

ஜெட் கல் அல்ல, மரம். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் புதைந்து இறுகிய மரம். 1861 டிசம்பரில் விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் இறந்தார். ராணி 1901-ல் கண்மூடும்வரை துக்க உடையை மாற்றவே இல்லை. நாடும் அவரைப் பார்த்துக் கறுப்பு பூண்டது. விட்பி பட்டறைகளுக்கு ஓயாத வேலை.

யார்க்கில் கடை போட்டிருந்த ஒரு பாட்டியம்மா என் உள்ளங்கையில் ஒரு புரோச்சை, உடையில் குத்திக்கொள்ளும் ஜெட் நகையை, வைத்தார். இறகு மாதிரி கனமே இல்லை, கையில் குளிரவும் இல்லை. ஐவிக் கொடி. பற்றிய மரம் பட்டுப்போனாலும் ஐவி பிடியை விடாது; பிரியாத அன்புக்கு அதைச் செதுக்கினார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இலைக்கு அடியிலும் கத்தி நுழைந்து குடைந்திருக்கிறது. யார் கண்ணுக்கும் படாத இடம் அது! ஒரு நரம்பு நடுவில் லேசாக வழுக்கி விலகியிருந்தது. அந்தக் கை வேலை செய்த நேரம் அப்படியே தெரிந்தது.

அடுத்ததைப் பார்த்ததும் பேச்சு வரவில்லை. விரியாத ரோஜா மொட்டு, காம்பு ஒடிந்திருந்தது. சிறு வயதிலேயே போன உயிருக்கு அப்படிச் செதுக்குவார்கள். யாரோ ஒரு தாய் நெஞ்சில் குத்தியிருந்திருப்பாள்.

அதற்காக எல்லாப் பூவுக்கும் அர்த்தம் தேடுவதும் சரியில்லை என்பது என் கருத்து. எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லும் அந்தக் காலத்து மலர்மொழிப் புத்தகங்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. முழு மலர்ந்த ரோஜா பல நேரம் வெறும் அழகுக்குத்தான். பின்புறம் பெயரோ, கண்ணாடிக்குள் முடிக்கற்றையோ இருந்தால் துக்க நகை என்று துணிந்து சொல்லலாம்.

வாங்குகிறவர்களுக்கு: ஃப்ரெஞ்ச் ஜெட் என்பது கறுப்புக் கண்ணாடி, தொட்டால் சில்லென்று கனக்கும். வல்கனைட் என்பது கெட்டியாக்கிய ரப்பர், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும். அச்சில் வார்த்தது என்பதால் இலைகள் ஒன்றுபோலவே இருக்கும். விட்பி போனால் பானெட் பூங்காவில் உள்ள அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள், அங்கே ஜெட்டுக்கென்றே பெரிய தொகுப்பு இருக்கிறது.