பிள்ளைகளுக்குத் திகில் கதை எழுதக் கற்றுக்கொடுத்தபோது உங்களுக்கு நடந்தது என்ன?

ஒற்றைப்பேனா:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வார இறுதிக் கதை வகுப்பு. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் பதினொரு பேர். பயிற்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வீட்டுப் பொருள் ஒன்றுக்கு மனிதக் குணம் கொடு, பயமுறுத்து, அடியில் கருப்பொருள் என்ன என்று ஒரு வரி எழுது. பத்துப் பேரிடமிருந்து காற்று ஊளையிட்டது, மரம் கை நீட்டியது, ஜன்னல் பல்லைக் காட்டியது. மிச்சமிருந்த சிறுமி படிக்கட்டைப் பற்றி எழுதியிருந்தாள்.

மரப் படிக்கட்டு. அதற்கு எண்ண மட்டும்தான் தெரியும். காலையில் நான்கு ஜோடிக் கால்கள் இறங்கும், இரவில் நான்கு ஜோடி ஏறும். எண்ணி முடித்ததும் நடுப்பலகை 'டக்' என்று ஒருமுறை நெளியும். அது தூங்கப்போகிறது என்று அர்த்தம். ஒருநாள் இரவு மூன்று ஜோடிதான் ஏறின. டக் சத்தம் வரவில்லை. கடைசி வரி இது: 'வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். படிக்கட்டு இன்னும் மூன்றிலேயே நிற்கிறது.' அவள் வாசித்து முடித்த பிறகு வகுப்பில் ஒரு பென்சில்கூட உருளவில்லை.

அடியில் 'கருப்பொருள்: படிக்கட்டு' என்று இருந்தது. நான் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுப் 'பிரிவு' என்று எழுதினேன். ஓரத்தில் 'பேய் எங்கே?' என்று வேறு கேட்டுவைத்தேன். அடுத்த வாரம் திருத்திய பிரதி வந்தது. வெள்ளை உருவம் ஒன்று படியேறி வருகிறது, எல்லோரும் அலறுகிறார்கள், 'ஆகையால் பிரிவு துன்பம் தரும்' என்று முடிகிறது. நான் கேட்டதைத்தான் கொடுத்திருந்தாள். மூன்று மாதமாகிவிட்டது, அந்த 'டக்' இன்னும் என் காதில் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது?

தூக்கம்கெட்ட அம்மா:

எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. மகன் சுவர்க்கடிகாரத்தைப் பற்றி எழுதினான். வீட்டில் யாரெல்லாம் பொய் சொல்கிறார்கள் என்று கடிகாரம் கேட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு பொய்க்கும் ஒரு நிமிடத்தை விழுங்கிவிடும். நன்றாக இருக்கிறது என்று நான் பாராட்டினேன். அன்று இரவு அவன் நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்தின் மேல் துண்டைப் போர்த்துவதைப் பார்த்தேன். 'ஏன்டா?' என்றேன். 'வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சாயங்காலம் சொன்னேன் இல்லையா, அம்மா' என்றான். துண்டை நான் எடுக்கவில்லை. காலையில் இருவருக்கும் நேரம் தவறிவிட்டது.

பழைய நன்னூல்:

ஒற்றைப்பேனா அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழந்தை எழுதியதுதான் சரி, நீங்கள் அடித்ததுதான் பிழை. முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்து வைத்தது நம் இலக்கணம். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் இருக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். தொல்காப்பியர் அந்தப் பட்டியலை 'அவ்வகை பிறவும்' என்று திறந்தே விட்டிருக்கிறார். ஒரு படிக்கட்டுக்கு அதில் இடம் இல்லாமலா போய்விடும்? புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய உணர்வுகள் உரிப்பொருள். நீங்கள் எழுதிய 'பிரிவு' பாலைத் திணையின் உரிப்பொருள். கேள்வித்தாளில் கருப்பொருள் என்று கேட்டீர்கள், அவள் கருப்பொருளைச் சொன்னாள். கதையின் மையக்கருத்தைக் கருப்பொருள் என்று எழுதுவது இன்று பரவலான வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகக் குழந்தைக்குச் சிவப்பு மை எதற்கு?

என் அனுபவம் சின்னது. மாணவன் ஒருவன் சாய்வு நாற்காலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினான். 'அது ஆடியது, அது காத்திருந்தது' என்று எல்லாம் அஃறிணை. கடைசி வாக்கியத்தில் மட்டும் 'அவள் ஆடுவதை நிறுத்தினாள்' என்று இருந்தது. திணை வழு என்று அடிக்கோடு போடப்போன கை அப்படியே நின்றுவிட்டது. பேய் வருகிறது என்று ஒரு சொல் இல்லை. எழுவாயும் வினைமுற்றின் விகுதியும் மாறியிருந்தன, அவ்வளவுதான். இதை அவன் தெரிந்து செய்தானா, கைதவறிப் போட்டானா என்று கேட்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

இன்னொன்று. நன்னூல் 'மக்கள் தேவர் நரகர் உயர்திணை' என்கிறது. நரகருக்கே உயர்திணை கொடுத்த மொழியில் பேய் மட்டும் 'வந்தது' என்றே வருகிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பு முடிய நேரமாகும்.

நான்காம் வகுப்பு:

எல்லோரும் சொல்லும் அந்தப் பயிற்சியை நானும் ஒருமுறை செய்தேன். ஒரு பையன் செருப்புக் கதை எழுதிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான். அதை விடுங்கள். சிக்கல் பயிற்சியிலேயே இருக்கிறது. 'மனிதக் குணம் கொடு' என்றால் பிள்ளைகள் பொருளுக்குக் கண்ணும் வாயும் வைத்துவிடுவார்கள். கேலிச்சித்திரம் வரும், பயம் வராது. முதலில் அந்தப் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள், காது கொடுக்கச் சொல்லுங்கள். கதவு கிறீச்சிடும், குழாய் சொட்டும், திரைச்சீலை உள்ளே உப்பி வெளியே வற்றும். பிறகு 'இது ஏன் இப்படிச் செய்கிறது?' என்று ஒரே ஒரு கேள்வி. திரைச்சீலை மூச்சுவிடுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் 'வாரல்', அதாவது 'வராதே', என்பனபோல் கை காட்டுமே, அதை எளிமையாகச் சொல்லிக்கொடுங்கள். உள்ளே போனால் கோவலன் உயிரோடு திரும்பமாட்டான் என்பது படிப்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கொடி பேசுவதில்லை. காற்றில் ஆடுகிறது, அவ்வளவுதான். 'போல்' என்ற அந்த ஒரு சொல்தான் எல்லாம்: காற்று என்றும் நினைக்கலாம், எச்சரிக்கை என்றும் நினைக்கலாம். கொடி வாய் திறந்து 'கோவலா, வராதே' என்று கத்தியிருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்கும். இதைத்தான் தற்குறிப்பேற்றம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். திகில் கதைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

அடுத்து, பொருளுக்கு ஒரே ஓர் ஆசை கொடுங்கள். இரண்டு வேண்டாம். கிணற்றுக்கு யாராவது எட்டிப் பார்க்க வேண்டும். பூட்டுக்கு யாரும் வெளியே போகக் கூடாது. அந்த ஆசைதான் மையக்கருத்து. தனியாக ஒரு வரி எழுதவைக்கத் தேவையே இல்லை. 'திடீரென்று', 'நள்ளிரவு', 'இரத்தம்' மூன்றையும் அன்றைக்கு மட்டும் தடைசெய்யுங்கள். முதலில் முனகுவார்கள், பிறகு பகலிலேயே பயமுறுத்தக் கற்றுக்கொள்வார்கள். கடைசி வரியில் விளக்கம் எழுதினால் அதை மட்டும் மடித்து மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மூலை மேசை:

மேலே எழுதியவர் செருப்புக் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டு நமக்குப் பாடம் எடுத்திருக்கிறார். அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பதல்லவா கதை!

'ஒரே ஓர் ஆசை' என்பதோடும் எனக்கு உடன்பாடில்லை. கதையை எழுதும் முன்பே மையக்கருத்தை முடிவுசெய்யச் சொன்னால் நீதிக்கதைதான் வரும். என் தங்கை மகளிடம் 'பேராசை' என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன். உண்டியல் ஒன்று திருடனின் விரலைக் கடிப்பதாக எழுதினாள். விரல் போன திருடன் திருந்தி நல்லவனாகி, உண்டியலிடம் மன்னிப்புக் கேட்டு, அதைத் துடைத்தும் வைத்தான். இரண்டாவது முறை எதுவும் சொல்லாமல் விட்டேன். அதே உண்டியல், யாரும் குலுக்காதபோது தன்னைத்தானே குலுக்கிப் பார்த்துக்கொள்கிறது, இன்னும் ஒன்று குறைகிறதா என்று. இதில் பேராசை இருக்கிறதா, பயம் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. முதுகு சில்லிட்டது என்பது மட்டும் தெரியும்.

நான்காம் வகுப்பு:

செருப்புப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்பு தன்னை வேறு எங்கோ கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது என்று எழுதியிருந்தான். வாசலில் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். பிறகு வலது காலுக்கு உரியதை இடதுபுறமும் இடதை வலதுபுறமும் மாற்றி வைத்துவிட்டு ஓடிவிட்டான். 'இனி அதற்கு வழி தெரியாது' என்றானாம். மறுநாள் அவன் அம்மா வந்து எடுத்துப்போனார். என்னைப் பார்த்த பார்வையைத்தான் நான் சொல்லவில்லை.

தூக்கம்கெட்ட அம்மா:

அந்தப் பார்வையை நானும் பார்த்திருப்பேன். பயந்த பிள்ளையை இரவு முழுக்க வைத்துக்கொண்டிருப்பது யார் என்பதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசியில் கடிகாரத்துக்கு இன்னொரு கதை எழுதினோம், விழுங்கிய நிமிடங்களை அது ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பித் தருவதாக. துண்டு தானாகவே இறங்கியது.

ஒற்றைப்பேனா:

பழைய நன்னூல் சொன்னதைப் படித்துவிட்டு வெட்கமாக இருந்தது. கருப்பொருள் என்று தாளில் அச்சடித்தவனும் நான்தான், அடித்தவனும் நான்தான்.

போன சனிக்கிழமை அவளிடம் பழைய நோட்டைக் கேட்டு வாங்கினேன். 'மூன்றிலேயே நிற்கிறது' என்ற வரியை ரப்பரால் அழித்திருந்தாள். அழுத்தி எழுதியிருந்ததால் சாய்த்துப் பிடித்தால் பள்ளம் தெரிகிறது. என் சிவப்பு எழுத்தை அடித்து, 'நீ எழுதியது சரி' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு நொடி பார்த்தாள். 'அது பழைய கதை சார். இப்போது குடை எழுதியிருக்கிறேன்' என்று வேறு தாளை நீட்டினாள்.

வீட்டில் இன்னும் ஒருவர் வெளியே இருக்கும்வரை மடங்க மறுக்கும் குடை. அடியில் கருப்பொருளுக்கான வரி காலியாக இருந்தது. ஏனம்மா என்றேன்.

'அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் சார்.'