குடும்பக் குழு: 8 ஆம் எண் சட்டை

தம்பி: ரக்பி அணியில் பயிற்சியாளர் என்னை ப்ராப் ஆக்கிவிட்டார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு யாரும் வர வேண்டாம்.

அம்மா: ஏனப்பா? அணியில்தானே இருக்கிறாய்?

தம்பி: பந்தை வாங்கி நேராக மூன்று பேர் மீது போய் மோத வேண்டும். எழுந்து வந்து மறுபடியும் மோத வேண்டும். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போட்டுப் புள்ளி எடுப்பதெல்லாம் ஓரத்தில் ஓடுகிறவர்கள்தான்.

தாத்தா: ப்ராப் என்றால் என்னம்மா?

நான்: முட்டு, தாத்தா. ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். முன்வரிசையில் 8, 10 எண் சட்டை போட்ட இரண்டு பேர்தான் ப்ராப்.

தாத்தா: குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்போமே, அந்த முட்டா? அது இல்லாவிட்டால் ஒரு காற்றுக்குத் தாங்காதே!

மாமா: சரியாகச் சொன்னீர்கள் அப்பா. தம்பி, உனக்கு பெட்டெரோ சிவோனிசேவாவைத் தெரியுமா?

தம்பி: பெயர் மட்டும் கேட்டிருக்கிறேன் மாமா.

மாமா: ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், எங்கள் ரெட்கிளிஃபில் வளர்ந்தவர். பிறந்தது ஃபிஜியின் சுவாவில், 1976 இல். 1998 முதல் பத்து ஆண்டுகள் பிரிஸ்பேன் பிரான்கோஸ் அணி, பிறகு நான்கு ஆண்டுகள் பென்ரித் அணி, 2012 இல் மறுபடியும் பிரான்கோஸ். ஆஸ்திரேலியாவுக்கு 45 டெஸ்ட், அதாவது மற்ற நாடுகளோடு ஆடும் ஆட்டங்கள்; குயின்ஸ்லாந்துக்கு 33 ஆரிஜின் ஆட்டங்கள், அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தோடு ஆண்டுதோறும் ஆடும் தொடர். பெரும்பாலும் ப்ராப்பாக ஆடியதுதான்.

மாமா: எதிரணி பந்து வைத்திருப்பவனைப் பிடித்து நிறுத்துவதுதான் டாக்கிள்; ஆறு டாக்கிளுக்குள் பந்தை முன்னே கொண்டுபோக வேண்டும். ப்ராப் மூன்று பேரை இழுத்துப் பிடித்துக்கொண்டு விழுந்து, சட்டென்று எழுந்தால், எதிரணி பின்வாங்கி வரிசை கட்டுவதற்குள் பந்து அடுத்தவன் கைக்குப் போய்விடும். நீ சொல்கிற ஓரத்து ஆள் ஓடும் இடம் அப்படித்தான் திறக்கிறது.

அம்மா: அடிபடாதா அண்ணா?

மாமா: படும். மறைக்க மாட்டேன்.

மாமா: 2012 ஜூலை 4, பிரிஸ்பேனின் சன்கார்ப் மைதானம். அவருக்கு வயது 36, கடைசி ஆரிஜின் ஆட்டம். 21-20. ஒரே ஒரு புள்ளி! எங்கள் கூப்பர் க்ரான்க் கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்டு கோல்தான் அது. குயின்ஸ்லாந்துக்குத் தொடர்ந்து ஏழாவது தொடர் வெற்றி. அன்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் பேச்சே வரவில்லை.

நான்: அதோடு ஓய்வு பெற்றுவிட்டாரா?

மாமா: எனக்கு அவர் மீது மரியாதை கூடியதே அதற்குப் பிறகுதான். 2013 உலகக் கோப்பையில் தான் பிறந்த ஃபிஜிக்குக் கேப்டனாகப் போனார். ஆஸ்திரேலியச் சட்டையில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்த மனிதர், 37 வயதில்! இங்கிலாந்தின் வாரிங்டனில் நடந்த காலிறுதியில் சமோவாவை 22-4 என்று வென்றார்கள்.

தம்பி: அரையிறுதி யாரோடு?

மாமா: ஆஸ்திரேலியாவோடு. லண்டன் வெம்பிளியில். 64-0 என்று ஃபிஜி தோற்றது.

தம்பி: ஐயோ.

மாமா: இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. உன் அத்தை தூங்கப் போய்விட்டாள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஃபிஜி அணியினர் ஆட்டத்துக்கு முன் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வேண்டுதல் பாடல் பாடுவார்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது, வெறும் குரல்தான். அதைக் கேட்டதும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். அந்த 64 எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

தாத்தா: பிறந்த மண்ணுக்காகத் தோற்க வேண்டியிருந்தாலும் போய் நின்றாரே. நல்ல பிள்ளை.

அம்மா: தம்பி, பல் காப்பு பழையதாகிவிட்டது. நாளை மாலை கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிக்கொள்வோம்.

தம்பி: சரி அம்மா. மாமா, 8 ஆம் எண் சட்டையை ஏற்கெனவே ஒருவன் வாங்கிவிட்டான். 10 கேட்கட்டுமா?

மாமா: கேள். ஆட்டம் எத்தனை மணிக்கு?

தம்பி: ஒன்பதரைக்கு. எட்டரைக்கே வந்துவிடுங்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.