டபிள்யூஎஸ்எல்: ஓசிஆர்ஃபீடர் திறக்கவில்லை, ‘கேனாட் ஓப்பன் டிஸ்பிளே’ என்கிறது

ஏடுதேடி:
வணக்கம். தாத்தா சேர்த்து வைத்த 1950களின் சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். அவற்றை எழுத்தாக மாற்ற ஓசிஆர்ஃபீடர் தேவை. அது லினக்ஸ் செயலி என்பதால் விண்டோஸ் 11இல் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டேன். நிறுவியதில் சிக்கல் இல்லை. திறந்தால்தான் தலைப்பில் உள்ள பிழை. இரண்டு இரவுத் தூக்கம் போச்சு.

கறுப்புத்திரை:
விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் -எல் -வி’ அடித்துப் பாருங்கள். வெர்ஷன் 1 என்று வந்தால் அதுதான் காரணம். அதில் லினக்ஸின் மையக்கருவான கெர்னலே கிடையாது. லினக்ஸ் அழைப்புகளை விண்டோஸ் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். 2இல் உண்மையான கெர்னல் ஒரு சின்ன மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறது. சாளரங்களைக் காட்டும் டபிள்யூஎஸ்எல்ஜி அதோடுதான் வேலை செய்யும்.

ஏடுதேடி:
2தான் ஐயா. அப்டேட்டும் போட்டாச்சு.

கறுப்புத்திரை:
சரி, சாளரத்தை எங்கே காட்டுவது என்று செயலிக்குச் சொல்லும் அமைப்புதான் டிஸ்பிளே. உபுண்டுவில் ‘எக்கோ $டிஸ்பிளே’ கொடுத்தால் என்ன வருகிறது? வெறும் ‘:0’ வர வேண்டும்.

ஏடுதேடி:
ஏதோ ஒரு ஐபி முகவரி, அதன் வாலில் ‘:0’.

அரைகுறை:
நானும் இதே குழியில் விழுந்தவன்! 2020 வாக்கில் எழுதிய வழிகாட்டி எதையாவது பார்த்து உபுண்டு முனையம் திறக்கும்போதெல்லாம் ஓடும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் ‘எக்ஸ்போர்ட் டிஸ்பிளே’ என்று ஒரு வரி சேர்த்தீர்களா? அப்போது டபிள்யூஎஸ்எல்ஜி வரவில்லை. விண்டோஸ் பக்கம் ஒரு எக்ஸ் சர்வரை (லினக்ஸ் சாளரங்களைத் திரையில் காட்டும் நிரல்) ஓடவிட்டு, அதன் முகவரியை இப்படிக் கொடுப்பார்கள். உங்களிடம் அந்த சர்வர் இல்லை. செயலி ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வரியை அழியுங்கள். பிறகு பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து உபுண்டுவை மறுபடி திறங்கள்.

ஏடுதேடி:
திறந்துவிட்டது! அந்த வரியைச் சேர்த்ததே மறந்துபோயிருந்தது. ஆனால் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டுகிறது. ஒரு பக்கத்துக்கு நேரமும் அதிகம் எடுக்கிறது.

கறுப்புத்திரை:
ஓசிஆர்ஃபீடருக்குப் பின்னால் இருந்து எழுத்தைப் படிக்கும் வேலையைச் செய்வது டெசராக்ட் என்ற நிரல். அதற்குத் தமிழ்த் தரவு தனியாக வேண்டும்: ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’ பொதியை நிறுவி, செயலியில் மொழியைத் தமிழாக மாற்றுங்கள். அதன் பிறகு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உபுண்டுவில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ‘ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல்’ போதும்.

படங்கள் சி டிரைவிலேயே இருக்கின்றனவா? உபுண்டுவின் ஹோம் அடைவுக்கு நகலெடுத்துவிடுங்கள். டபிள்யூஎஸ்எல் 2இலிருந்து சி டிரைவைத் தொடுவது ரொம்ப மெதுவு.

ஏடுதேடி:
நீங்கள் சொன்னபடியே கட்டம் வந்தது, எழுத்துரு போட்டதும் போனது. வேகமும் பரவாயில்லை. பழைய துதிக்கை ‘லை’, ‘னை’ எழுத்துகளில்தான் தடுமாறுகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு அல்லவா! அதைக் கையால் திருத்திக்கொள்கிறேன். இருவருக்கும் நன்றி.