40 மில்லிமீட்டர் டயர் இல்லாதவர்கள் மூக்கனேரிப் பக்கம் வரக்கூடாதாமே!

பஞ்சர்கடைக்காரர்:
மண்பாதைப் பயணி என்ற தம்பி நேற்று இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். நெதர்லாந்தில் நைமேகன் நகரத்துக்குப் பக்கத்தில் மில்லிங்கர்வார்ட் என்று ஓர் இடமாம். வால் ஆற்றின் வெள்ளச் சமவெளி. விவசாய நிலமாக இருந்ததை இயற்கையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அங்கே கிராவல் பைக், அதாவது மண்ணிலும் சரளைக் கல்லிலும் ஓட்டுவதற்கென்று அகல டயர் போட்டுச் செய்த சைக்கிள், ஓட்டிவிட்டு வந்திருக்கிறார். அதே சுகம் நம் சேலத்திலும் கிடைக்கும், மூக்கனேரிக் கரையில் தொடங்கிச் சேர்வராயன் அடிவாரம் வரை மண்பாதையிலேயே போகலாம் என்றும் எழுதியிருக்கிறார். சந்தோஷம். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். "40 மில்லிமீட்டர் டயர் போட்ட கிராவல் பைக் இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், சாதாரண சைக்கிள் தாங்காது" என்று முடித்தார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பாதையில் பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு போனவர்கள் பல்லக்கிலா போனார்கள்? கம்பி பிரேக் வைத்த கறுப்புச் சைக்கிளுக்கு "28-க்கு ஒன்றரை" என்று கேட்டு டயர் வாங்குகிறோமே, அதன் பக்கவாட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று குனிந்து படியுங்கள். 40-635. முதல் எண் அகலம். 40 மில்லிமீட்டர். ஐரோப்பா போய் நீங்கள் கண்டுபிடித்த அகலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில் ஆணியில் தொங்குகிறது.

மண்பாதைப் பயணி:
ஐயா, வணக்கம். நான் எழுதியதில் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். டயர் என்றால் அகலம் மட்டுமா? கிராவல் பைக்கில் பெரும்பாலும் டியூப் கிடையாது. உள்ளே ஊற்றியிருக்கும் திரவம் முள் குத்திய ஓட்டையைத் தானே அடைத்துவிடும். காற்றை 35 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து ஓட்டலாம், கல்லில் ஏறும்போது டயர் அமுங்கிக்கொடுக்கும். ஓரத்தில் சிறு கட்டைகள் இருப்பதால் திருப்பத்தில் வழுக்காது. டிஸ்க் பிரேக் இருக்கிறது. எடை பத்துக் கிலோ சொச்சம். உங்கள் கறுப்புச் சைக்கிள் இருபது கிலோவைத் தாண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

பஞ்சர்கடைக்காரர்:
நான் எடையைப் பற்றிப் பேசவே இல்லை தம்பி. 40 மில்லிமீட்டர் என்று எழுதியது நீங்கள். 40 மில்லிமீட்டர் இருக்கிறது என்று சொன்னது நான். இருக்கிறதா, இல்லையா?

ஓமலூர் ஓட்டுநர்:
இருக்கிறது. ஆனால் ரிம் வேறு. இரண்டாவது எண் டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். அது 635, கிராவல் பைக்குக்கு 622. ஐயா கடை டயரை எடுத்துத் தம்பி சக்கரத்தில் மாட்டினால் லொடலொடவென்று கழன்று கையில் வரும். 13 மில்லிமீட்டர் வித்தியாசம்.

பஞ்சர்கடைக்காரர்:
மாட்டச் சொன்னது யார்? அவர் சக்கரம் அவருக்கு, நம் சக்கரம் நமக்கு. அகலம் 40. அவ்வளவுதான் விஷயம்.

ஏற்காட்டு மிளகு:
நீங்கள் டயரை அளந்துகொண்டே இருங்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு வரியில். "திருமணிமுத்தாறும் தன் காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது, கரையெல்லாம் பச்சை" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பச்சை என்ன என்று இறங்கிப் பார்த்தாரா? சீமைக் கருவேலம். மெக்சிகோ, தென்னமெரிக்கா பக்கத்துச் செடி, 1877 வாக்கில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் ஆறு, சேலம் நகருக்குள் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு கான்கிரீட் சுவருக்கு நடுவில் போகிறது. வெளியே வந்தால் இந்த முள். இதைக் காடு என்று சொல்ல எப்படி மனம் வந்தது? நெதர்லாந்தில் செய்தது என்ன? 1986-இல் ஒரு திட்டம் வரைந்தார்கள். செங்கல் சூளைகளுக்குத் தேவையான களிமண்ணை, பழைய ஓடைகளின் போக்கைப் பார்த்து அதன்படியே வெட்டியெடுக்க வைத்தார்கள். புதைந்திருந்த ஓடைகள் வெளியே வந்தன. மேய்வதற்குப் போலந்து நாட்டுக் கோனிக் குதிரைகளையும் ஸ்காட்லாந்து கால்லோவே மாடுகளையும் விட்டார்கள். 1994-இல் அந்தப் பகுதியில் பீவரை, ஓடையில் மரத்தால் அணை கட்டும் அந்த விலங்கை, கொண்டுவந்து விட்டார்கள். அதன் பிறகுதான் கையை எடுத்தார்கள். இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை. கைவிட்டதை விட்டுக்கொடுத்ததாக எழுதுகிறார்.

மண்பாதைப் பயணி:
அக்கா, நான் மூக்கனேரியையும் சேர்த்துத்தானே சொன்னேன்? 58 ஏக்கர் ஏரி. 2010-இல் சேலத்துக் குடிமக்கள் அமைப்பு தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் தீவுகளாகக் குவித்து மரம் வளர்த்தார்கள். இன்று பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்கேயும் தோண்டினார்கள், இங்கேயும் தோண்டினார்கள். அங்கே களிமண், இங்கே வண்டல். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏற்காட்டு மிளகு:
மூக்கனேரி நட்டு வளர்த்த இடம். அதில் வியர்வை சிந்தியவர்களின் உழைப்பைக் கும்பிடுகிறேன். ஆனால் அதைக் காட்டி ஆற்றுக் கரைக்குப் பட்டம் சூட்டாதீர்கள்.

அயோத்தியாப்பட்டணத்தான்:
அம்மணி, சீமைக் கருவேலம் வெளிநாட்டுச் செடி என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. உங்கள் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக் எந்த ஊர் மரம்? ஆஸ்திரேலியா. காப்பி எந்த ஊர்ச் செடி? காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கொண்டுவந்தது. மலை மேல் இருந்தால் தோட்டம், ஆற்றங்கரையில் இருந்தால் களையா?

ஏற்காட்டு மிளகு:
என் தோட்டத்தைக் காடு என்று நான் எங்காவது எழுதினேனா? காட்டுங்கள், பார்ப்போம். தவிர, குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக மலைக்கு வந்து தேநீர்க் கோப்பைகளை வழியெல்லாம் வீசிவிட்டுப் போகும் உங்கள் சைக்கிள் கூட்டத்துக்கு மரத்தின் ஊரைப் பற்றிப் பேசும் உரிமை எப்போது வந்தது?

அயோத்தியாப்பட்டணத்தான்:
வீசியது நாங்கள் இல்லை. அது காரில் வந்தவர்கள் வேலை. குப்பனூர் பாதையில் ஏறுகிறவன் குப்பை போட மாட்டான், அவனுக்கு மூச்சு விடவே நேரம் இருக்காது. கார்கள் ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுச் சாலைப் பக்கம் போய்க் கேளுங்கள்.

பஞ்சர்கடைக்காரர்:
சில்வர் ஓக், காப்பி, கோப்பை எல்லாம் வந்துவிட்டது. நான் கேட்டதற்கு மட்டும் இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. 28-க்கு ஒன்றரை டயர் 40 மில்லிமீட்டரா, இல்லையா? "சாதாரண சைக்கிள் தாங்காது" என்ற வரியை எடுத்தாரா, இல்லையா? கடையில் நான் கோட்டம் எடுத்த சக்கரங்களில் பாதி அந்தக் கரையில் ஓடியவைதான். கம்பி தளர்ந்திருக்கும், இறுக்கிக் கொடுத்தால் மறுநாளே இரண்டு கேன் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருவரும் என்னிடம் வந்து "பாதை தாங்கவில்லை" என்று சொன்னதில்லை. "கடனுக்குக் கட்டித் தா" என்றுதான் சொன்னார்கள்.

மண்பாதைப் பயணி:
தாங்கும் ஐயா, சைக்கிள் தாங்கும். ஓட்டுகிறவர் முதுகு தாங்குமா? இன்னொன்றும் கேட்கிறேன். அடிவாரத்தோடு நின்றால் பாதிப் பயணம்தான். ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல் உயரம். மேலே ஏறிவிட்டு மழையில் இறங்கும்போது, ஈரமான இரும்பு ரிம்மில் உங்கள் கம்பி பிரேக் கட்டை பிடிக்குமா? அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 200 மைல் கிராவல் பந்தயம் நடக்கிறது. அங்குள்ள கற்கள் கத்தி மாதிரி டயரைக் கிழிக்கும். அங்கே யாரும் கம்பி பிரேக் சைக்கிளில் போய் நிற்பதில்லை.

பஞ்சர்கடைக்காரர்:
கான்சாஸ் கிடக்கட்டும், கன்னங்குறிச்சியைப் பேசுங்கள். பிரேக் பற்றி நான் சொல்லவே இல்லை. மலை இறங்குவதைப் பற்றியும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியது ஏரிக்கரையிலிருந்து அடிவாரம் வரை. அங்கே எந்தக் கொண்டை ஊசி இருக்கிறது? டயரில் தோற்றதும் பிரேக்குக்குத் தாவினீர்கள், பிரேக்கில் பிடித்தால் முதுகுக்குத் தாவுவீர்கள். அந்த ஓட்டை அடைக்கும் திரவத்தையும் பார்த்துவிட்டேன். கருவேல முள் பக்கவாட்டில் கிழித்த டயரோடு ஒருவர் என் கடைக்கு வந்தார். சட்டை முழுக்க வெள்ளைப் பால். உள்ளே டியூப் போட்டு அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஓமலூர் ஓட்டுநர்:
அந்தச் சட்டைக்காரர் நம் பயணிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மண்பாதைப் பயணி:
நான் இல்லை. தேவையில்லாத பேச்சு.

ஓமலூர் ஓட்டுநர்:
சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு ஒரு வருத்தம். சேர்வராயன் மலையில் பிறப்பது திருமணிமுத்தாறு மட்டுமா? சரபங்கா நதியும் அங்கேதான் பிறக்கிறது. எங்கள் ஓமலூர் வழியாக எடப்பாடி போய்க் காவிரியில் சேருகிறது. சேலத்துக்காரர்கள் ஆறு என்று வாயெடுத்தாலே தங்கள் ஊர் ஆறுதான். ஐரோப்பாவின் ஆறெல்லாம் தெரிகிறது, பக்கத்து ஊர் ஆறு தெரியவில்லை.

அயோத்தியாப்பட்டணத்தான்:
சரபங்காவில் தண்ணீர் பார்த்து எத்தனை நாளாயிற்று அண்ணா?

ஓமலூர் ஓட்டுநர்:
உங்கள் ஆற்றில் ஓடுவதற்குப் பெயர் தண்ணீரா?

ஏற்காட்டு மிளகு:
இரண்டு ஆற்றையும் கெடுத்தாயிற்று. இப்போது எது அதிகம் கெட்டது என்பதில் ஊர்ப் பெருமை வேறு. நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. அந்தப் பயத்தில்தான் கரையைத் தள்ளிப்போட்டு ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். சைக்கிள் பாதையும் குதிரையும் மேலே தெரியும் அழகு. பயணி அழகை மட்டும் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

மண்பாதைப் பயணி:
அக்கா, என் பதிவு சைக்கிள் பற்றியது. நீர்வளத் துறைக்கு எழுதிய மனு இல்லை.

பஞ்சர்கடைக்காரர்:
சைக்கிள் பற்றியது என்று அவரே சொல்லிவிட்டார், கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் சைக்கிளுக்கே வருவோம். 40 மில்லிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூக்கனேரிக் கரைக்கு என் கறுப்புச் சைக்கிளில் வருகிறேன், கேரியரில் ஒரு மூட்டை வைத்துக்கொண்டு. பக்கத்திலேயே நீங்கள் உங்கள் பத்துக் கிலோவில் வாருங்கள். வெர்னியர் அளவுகோலும் எடுத்து வருகிறேன். இரண்டு டயரையும் அளந்துவிடலாம்.

மண்பாதைப் பயணி:
ஞாயிறு எனக்கு வேறு வேலை இருக்கிறது. காற்றழுத்தம், ரிம்மின் உள் அகலம் இதையெல்லாம் பொறுத்து அளவு மாறும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பஞ்சர்கடைக்காரர்:
மாறுமாம்! நேற்றுவரை 40 என்பது கல்வெட்டாக இருந்தது. இன்றைக்குக் காற்றடித்தால் மாறுகிறது.

அயோத்தியாப்பட்டணத்தான்:
ஐயா வருவதாக இருந்தால், போன முறை என்னிடம் வாங்கிப்போன கால் பம்பையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

பஞ்சர்கடைக்காரர்:
அந்தப் பம்பின் வாஷர் தேய்ந்திருந்தது. மாற்றி வைத்திருக்கிறேன். வாஷருக்குக் காசு கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.