லைப்சிக் போன்ற பெயர் பெறாத ஊரில் படிக்கப் போனால் பொழுது எப்படிப் போகும்?

கேள்வி: செக்காலை மாணவி

காரைக்குடியில் சிக்ரி என்று அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மின்வேதிப் பொறியியல் படித்து முடித்திருக்கிறேன். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலைக்கு இடம் கிடைத்துவிட்டது, வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் செய்தியைச் சொல்லும் இடத்திலெல்லாம், "மியூனிக் கிடைக்கவில்லையா, பெர்லின் கிடைக்கவில்லையா?" என்றே கேட்கிறார்கள். லைப்சிக் என்ற பெயரைப் பலரும் நான் சொல்லித்தான் முதன்முதலாகக் கேட்கிறார்கள். கல்வித் தரத்தைப் பற்றி என் பேராசிரியர்களிடம் விசாரித்துத் தெளிந்துவிட்டேன். நான் கேட்பது அதைப் பற்றி அல்ல. வகுப்பும் ஆய்வகமும் போக மீதி நேரத்தில், அதிகம் பேசப்படாத அப்படி ஓர் ஊரில் வாழ்வதில் என்ன மகிழ்ச்சி இருக்கிறது என்று அங்கே இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். "தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் பிள்ளைக்குப் பொழுது எப்படிப் போகும்?" என்று அப்பத்தா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுமொழி: தேவகோட்டைக்காரி

தங்கைக்கு வணக்கம். நான் லைப்சிக்கில் மூன்று ஆண்டுகள் மாணவியாக இருந்தேன். திரும்பி வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்த ஊர் மனத்தை விட்டு நீங்கவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் படிப்போடு தொடர்புடைய ஒன்று. சிக்ரியில் நீங்கள் எத்தனையோ முறை எழுதிப் பார்த்திருக்கும், மின்வேதியியலின் அடிப்படையான நெர்ன்ஸ்ட் சமன்பாடு பிறந்த ஊர் அதுதான். வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 1887இல் அங்கே பேராசிரியராகப் பொறுப்பேற்றார்; அவரிடம் உதவியாளராக இருந்த வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் அதை வகுத்தார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் சிக்ரிக்காகக் கொடுத்து நம் ஊரில் வேரூன்றச் செய்த துறைக்கு, தாய்வீடு போன்றது லைப்சிக். கேட்பவர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊர் எளிதில் நெருக்கமாவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்; லைப்சிக்கும் ஒரு காலத்தில் ஆளற்றுப் போன ஊர். 1989 அக்டோபர் 9ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் அமைதியாக வீதியில் நடந்து கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியையே அசைத்த அந்த நகரத்தில், இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு ஆலைகள் மூடப்பட்டன. மக்கள் வேலை தேடி மேற்கே போனார்கள். நூறாண்டுப் பழமையுள்ள மாடி வீடுகள் தெருத் தெருவாகப் பூட்டிக் கிடந்தன. 2004இல் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு, 'காவல் வீடு' என்று பொருள்படும் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் வாடகை வாங்குவதில்லை. குடியிருப்பவர்கள் அன்றாடச் செலவுகளை ஏற்றுக்கொண்டு, வீடு மேலும் சிதையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் தோழி ஒருத்தி அப்படியொரு வீட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்தாள். அதன் நுழைவாயிலில் பூவேலை செய்த தளக்கற்களைக் கண்டதும், ஆத்தங்குடிக் கல்லைப் போலவே வழுவழுப்பாக இருக்கிறதா என்று குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் வயலின் பழகிக்கொண்டிருந்தார். எங்கள் பெரியப்பா வீட்டு இரண்டாங்கட்டு அன்று கண்முன் வந்து நின்றது. நம் வீடுகளுக்கும் இப்படி யாராவது வழி காண மாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு.

அப்பத்தாவின் கேள்விக்கு வருகிறேன். இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750இல் மறையும்வரை இசைப் பொறுப்பில் இருந்த புனித தாமஸ் தேவாலயத்தில், வெள்ளிக்கிழமை மாலைகளில் சிறுவர் பாடகர் குழு பாடும். சில யூரோ கொடுத்தால் யாரும் போய் உட்காரலாம். மேல்நாட்டு இசை எதுவும் அறியாமல், நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவள் நான். முதல் வாரம் அருகில் இருந்த முதியவர் ஒருவர், என் கையிலிருந்த பாடல் தாளைத் திருப்பி, எந்த வரி பாடப்படுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார். அடுத்த வாரமும் அவர் அதே இடத்தில் இருந்தார். மூன்றாம் வாரம் நான் போவதற்குள் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். தெரிந்த முகம் அங்கே இப்படித்தான் கிடைக்கிறது.

நகரத்தின் நடுவிலேயே ஆற்றங்கரைக் காடு ஒன்று ஓடுகிறது. வசந்த காலத்தில் அந்தக் காடு முழுவதும் பூண்டு வாசனை வீசும். தரையெல்லாம் காட்டுப்பூண்டு இலை மண்டியிருக்கும். அதே தோற்றமுள்ள நச்சுச் செடியும் இருப்பதால், உடன் படித்த உள்ளூர்ப் பெண் இலையைக் கசக்கி முகர்ந்து காட்டிய பிறகே பறித்தேன். உளுத்தம்பருப்பும் வரமிளகாயும் வறுத்து, அந்த இலையைச் சேர்த்து அரைத்த துவையலை அவள் ரொட்டியில் தடவிச் சாப்பிட்டாள். காட்டைத் தாண்டி மிதிவண்டியில் போனால் கோஸ்புடன் ஏரி வரும். பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளத்தில் நீர் நிரப்பி உருவாக்கிய ஏரி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கோடையில் தேர்வு முடிந்த அன்று அங்கே நீந்தப் போவது மாணவர்களின் வழக்கம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஜெர்மன் பேசாமல் ஆய்வகத்தில் சமாளித்துவிடலாம், தெருவில் முடியாது. மக்கள்தொகை இப்போது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் பழைய மலிவு வாடகையும் இல்லை.

மறுமொழி: கோட்டையூர் வாசகர்

நான் லண்டனில் படித்தவன். அக்கா எழுதியதை மறுக்கவில்லை. என்றாலும் பெரிய நகரத்தில் தமிழ்க் கடையும் கோவிலும் நம் மக்களும் இருப்பது, முதல் ஆறு மாதங்களில் எவ்வளவு பெரிய துணை என்பதை அனுபவித்தவனாகச் சொல்கிறேன். பொங்கலன்று தனியாக அறையில் உட்கார்ந்திருப்பது எல்லோராலும் தாங்கக்கூடியது அன்று. அதே சமயம், கட்டுப்படியாகும் வாடகைக்காக வெகுதொலைவில் அறை எடுத்து, நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரயிலில் கழித்ததால், அந்த நகரத்தின் புகழ்பெற்ற இடங்களில் பாதியை நான் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

மறுமொழி: பள்ளத்தூர் பெரியவர்

எங்கள் ஐயா பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் பையனாக, பினாங்குக்குப் போனபோது அவருக்கு வயது பதினைந்து. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்கள் கிட்டங்கி என்ற தொழிற்கூடத்தில் ஒரு பெட்டியும் ஒரு பாயும் போடும் இடத்தில் மூன்று ஆண்டுக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நம் மக்களோடு மக்களாகவே இருந்ததால் துணைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டிலும் தான் சாப்பிட்டதில்லை என்று ஐயா கடைசிக் காலத்தில் வருத்தத்தோடு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு அந்த வாய்ப்பு வருகிறது, ஆத்தா. போய் வா. அப்பத்தாவிடம் வாரம் ஒருமுறை முகம் பார்த்துப் பேசு.

மறுமொழி: தேவகோட்டைக்காரி

கோட்டையூர் தம்பி சொல்லும் தனிமை உண்மைதான். முதல் பொங்கலுக்கு நானும் அழுதேன். மறு ஆண்டு விடுதியின் பொதுச் சமையலறையில் பொங்கல் வைத்தேன். எட்டு நாட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்று, பால் பொங்கியபோது நான் சொல்லிக்கொடுத்தபடி "பொங்கலோ பொங்கல்" என்று கூவினார்கள். ஜெர்மனியிலேயே உள்ள ஹாம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவிலின் தேர்த் திருவிழாவுக்கு ரயிலேறிப் போய் வந்ததும் உண்டு.

மறுமொழி: செக்காலை மாணவி

அனைவருக்கும் நன்றி. தேவாலயத்தில் இடம் பிடித்து வைத்த பெரியவரைப் பற்றி அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன், "அவருக்கு என்ன பலகாரம் கொடுத்தாள்?" என்று கேட்டார்கள். அறை தேடுவதை எப்போது தொடங்க வேண்டும், அக்கா?

மறுமொழி: தேவகோட்டைக்காரி

சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால் இன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அக்டோபரில் பருவம் தொடங்குவதால் கோடையிலேயே அறைகள் நிரம்பிவிடும். சமையலறை பொதுவாக உள்ள அறையாகக் கேளுங்கள். பெரியவருக்கு நான் கொடுத்தது மணகோலம். ஒரு வாரம் வைத்துச் சாப்பிட்டதாகச் சொன்னார்.