யார்க்கில் 'கேட்' என்றால் வாசல் இல்லையா? ஊர்ப் பெயர்களில் குழப்பம், உதவி தேவை

வைகைக்கரை:
வணக்கம். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். முதலில் யார்க், அப்புறம் மலையும் ஏரியுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்ட். யார்க்கில் எனக்கு வேலை இருக்கும் நேரத்தில் அவர்கள் தனியாகத்தான் சுற்ற வேண்டும். எங்கே இறங்குவது, எதைப் பார்த்துத் திரும்புவது என்று தமிழில் ஒரு தாள் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

பெயர்களில்தான் மாட்டிக்கொண்டேன். மிக்கிள்கேட், ஸ்டோன்கேட், காப்பர்கேட் என்று வரைபடம் முழுக்க கேட். தெருப் படங்களைப் பார்த்தால் வாசல் எதுவும் இல்லை. 'மிக்கிள்கேட் பார்' என்று வேறு ஒன்று இருக்கிறது, அது மதுக்கடையா? லேக் டிஸ்ட்ரிக்ட் வரைபடத்தில் 'ஹை ஸ்ட்ரீட்' என்று போட்டுப் பக்கத்தில் 828 என்று எண் இருக்கிறது. 'ஏரா ஃபோர்ஸ்' என்ற இடத்தை மொழிபெயர்ப்புச் செயலி 'ஏரா படை' என்கிறது. இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊஸ்கரை:
யார்க்கில்தான் குடியிருக்கிறேன் தம்பி. இங்கே கேட் என்றால் தெரு. 866இல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகள் இந்த ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் தெருவுக்குப் பெயர் 'காடா'. அதுதான் கேட் ஆகி நிற்கிறது. மிக்கிள்கேட் என்றால் பெரிய தெரு, ஸ்டோன்கேட் கல் பாவிய தெரு. காப்பர்கேட்டைச் செம்புத் தெரு என்று எழுதிவிடாதீர்கள். மரக் கிண்ணம் கடைபவர்களின் தெரு அது. 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது கடைசல் வேலையில் மிஞ்சிய மரத்துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. தோண்டிய இடத்திலேயே 1984இல் யார்விக் வைக்கிங் மையம் என்ற அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பெரியவர்களுக்கு ஏற்ற இடம், உட்கார்ந்தபடியே வண்டியில் சுற்றி வரலாம்.

உண்மையான கோட்டை வாசலுக்கு இங்கே 'பார்' என்று பெயர். வழியை மறித்து நிற்கும் தடுப்பு என்பதிலிருந்து வந்தது. மிக்கிள்கேட் பார், பூதம் பார், மங்க் பார், வாம்கேட் பார் ஆகிய நான்கும் நகர மதிலின் பெரிய வாசல்கள். 1460இல் வேக்ஃபீல்ட் போரில் இறந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையை மிக்கிள்கேட் பாரின் மேல்தான் வைத்தார்கள்.

ஷாம்பிள்ஸ் தெருவையும் கட்டாயம் சேருங்கள். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அலங்கோலம் என்று பொருள், அதனால் செயலி ஏதாவது உளறும். அது கசாப்புக்காரர்களின் தெரு. இறைச்சியைப் பரப்பி வைக்கும் பலகையிலிருந்து வந்த பெயர். கடைச் சன்னல்களுக்குக் கீழே அகலமான பலகைகளும் மேலே இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளும் இன்னும் இருக்கின்றன. அப்பாவை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. அப்படியானால் லீட்ஸ் பிரிக்கேட்டும் இதே கதைதானா? தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன்.

ஊஸ்கரை:
அதேதான். பாலத் தெரு. தெற்கே நேராக நடந்தால் ஏர் ஆற்றுப் பாலத்துக்குத்தான் போய்ச் சேரும். கர்க்கேட் என்றால் தேவாலயத் தெரு.

ஈஸ்ட்ஹாம்வாசி:
ஒரு எச்சரிக்கை. இதை அப்படியே லண்டனுக்குக் கொண்டு வராதீர்கள். ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், மூர்கேட் எல்லாம் லண்டன் மதிலில் இருந்த நிஜ வாசல்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 1760களில் இடித்துவிட்டார்கள், பெயர் மட்டும் மிச்சம். கென்ட் கரையில் மார்கேட், ராம்ஸ்கேட் என்று இரண்டு ஊர்கள் உண்டு. அங்கே கேட் என்பது கடலுக்கு இறங்க வழிவிடும் பாறை இடைவெளி. ஒரே எழுத்து, ஊருக்கு ஒரு பொருள்.

லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாமும் அப்படித்தான். பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாமில் வரும் ஹாம் குடியிருப்பு. எங்களுடையது நீரும் சதுப்பும் சூழ்ந்த தாழ்நிலம். தேம்ஸ், லீ, ரோடிங் மூன்று ஆறுகளுக்கும் நடுவில் இருப்பதைப் பார்த்தாலே புரியும்.

மலைப்பாதை:
லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியை நான் சொல்கிறேன். முதலில் அந்த ஹை ஸ்ட்ரீட்டைத் தாளிலிருந்து அடியுங்கள், யாராவது கடைத்தெரு என்று நம்பிக் கிளம்பிவிடப் போகிறார்கள். அது மலை. 828 என்பது மீட்டரில் அதன் உயரம். உச்சியை ஒட்டி ரோமானியர் போட்ட சாலை ஓடுகிறது, அந்தச் சாலைதான் மலைக்கே பெயரானது. மற்ற ஊர்களில் ஹை ஸ்ட்ரீட் என்றால் முக்கியத் தெரு. இங்கே ஹை என்பது நிஜமாகவே உயரம்தான். மேலே போனால் புல்லும் காற்றும் ஒரு நீளமான கல்சுவரும்தான். நல்ல நடைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அருமையான மலை, உங்கள் பெற்றோருக்கு வேண்டாம்.

ஏரா ஃபோர்ஸ் அருவி. ஃபோர்ஸ் என்பதும் நார்ஸ் சொல்தான், அருவி என்று பொருள். சுமார் 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மேலே ஒரு கல் பாலம், கீழே ஒரு கல் பாலம். கீழ்ப்பாலத்தில் நின்றால் சாரல் முகத்தில் அடிக்கும், மழைச்சட்டை எடுத்துப் போங்கள். படிகள் ஈரமாக இருக்கும், செருப்பு கூடவே கூடாது.

வரைபடத்தில் இன்னும் சில பெயர்கள் கண்ணில் படும். ஃபெல் என்றால் மலை, விழுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெக் ஓடை, டார்ன் மலைச்சுனை. அல்ஸ்வாட்டர், கோனிஸ்டன் வாட்டர் இரண்டும் ஏரிகள். விண்டர்மியரில் 'மியர்' என்றாலே ஏரி. பெரிய ஏரிகளில் பாசன்த்வெய்ட் ஒன்றின் பெயரில் மட்டும்தான் 'லேக்' இருக்கிறது. 'ஓல்ட் மேன் ஆஃப் கோனிஸ்டன்' என்பதைக் கிழவர் யாரோ என்று எழுதிவிடாதீர்கள், சுமார் 800 மீட்டர் உயர மலை அது.

பெயரை மொழிபெயர்க்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. வழிப்பலகையில் உள்ளதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தையும் போட்டு, அடுத்த வரியில் அது தெருவா, வாசலா, ஏரியா என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள். வழி கேட்கும்போது 'பெரிய தெரு எங்கே' என்றால் யாருக்கும் புரியாது.

வைகைக்கரை:
அப்படியே செய்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று. விடுதி மங்க்கேட்டில் எடுத்திருக்கிறேன். மங்க் பார் வேறு, மங்க்கேட் வேறுதானே?

ஊஸ்கரை:
வேறுதான். மங்க்கேட் மதிலுக்கு வெளியே உள்ள தெரு, அது நகரத்துக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் வாசல் மங்க் பார். விடுதியிலிருந்து மதிலைப் பார்த்து நேராக நடந்தால் போதும். அந்த வாசலிலேயே மதில் மேல் ஏறப் படி உண்டு. அங்கிருந்து பூதம் பார் வரை நடந்தால் யார்க் மின்ஸ்டர் பேராலயம் வழி நெடுகத் தெரியும். படிகள் குறுகலும் செங்குத்துமாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஏற வேண்டாம், உள்ளே குட்ரம்கேட் வழியாகவே பேராலயத்துக்குப் போய்விடலாம். இருட்டுவதற்குள் மதில் வழியை மூடிவிடுவார்கள், அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.