கேபினட்டோடு வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்று தயவுசெய்து யாருக்கும் எழுதாதீர்கள்

கருகியபோர்டு:
மதுரையிலிருந்து பழையஐ5 என்ற பெயரில் எழுதும் தம்பி நேற்று இந்த மன்றத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். 2017இல் அவர் அப்பா வாங்கிக் கொடுத்த கணினி. ஐ5-7400 ப்ராசஸர், 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, எதை மாற்றலாம் என்றார். அதற்கு ஓம்விதி எழுதிய பதில் இதுதான்: "ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கிப் போடுங்கள். அதைத் தயாரிக்கும் ஏஎம்டியே 450 வாட் போதும் என்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்கள் கடைக்காரனுக்கு வேலை பார்ப்பவர்கள்."

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் 2021இல் இப்படித்தான் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் புதுக் கார்டு போட்டேன். மூன்றாவது வாரம், விளையாடிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாடை. மதர்போர்டும் எஸ்எஸ்டியும் போயின. எஸ்எஸ்டியில் என் மகளின் முதல் இரண்டு வருஷப் படங்கள் இருந்தன. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, அந்த ரகமே அப்படித்தான். நான் யார் கடையிலும் வேலை பார்க்கவில்லை.

ஓம்விதி:
படங்கள் போனது வருத்தம்தான் சார். ஆனால் உங்களுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ் வெடித்தது என்பதற்காக ஊரே 4,000 ரூபாய் தண்டம் கட்ட வேண்டுமா? கணக்கைப் பாருங்கள். ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். ஐ5-7400க்கு 65 வாட். போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட். மொத்தம் 247. 450இல் பாதிக்குக் கொஞ்சம் மேலே. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படித்தவன். கூட்டல் எனக்கு வரும்.

கருகியபோர்டு:
கூட்டல் வரும், சரி. எதைக் கூட்டுகிறீர்கள் என்பதுதான் பிரச்சினை. ஏஎம்டி சொல்வது உண்மையான 450 வாட்டை. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 450ஐ அல்ல. கார்டும் ப்ராசஸரும் கரண்ட் எடுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. பழையஐ5 தம்பி, கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுக் கதவைக் கழற்றுங்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பழையஐ5:
பார்த்தேன் அண்ணா. பிளஸ் 12 வோல்ட் 16 ஆம்பியர். பிளஸ் 5 வோல்ட் 30. பிளஸ் 3.3 வோல்ட் 28. கீழே மைனஸ் 12 என்று 0.5, ஸ்டாண்ட்பை 5 வோல்ட் என்று 2. கார்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கும் 8 பின் வயர் எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பழைய நாலு பின் மோலெக்ஸ் மூன்று தொங்குகிறது.

கருகியபோர்டு:
16! எல்லாரும் பாருங்கள். 16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட். 5 வோல்ட்டில் 150, 3.3இல் 92, ஸ்டாண்ட்பை 10, மைனஸ் 12இல் 6. எல்லாம் கூட்டினால் 450. இப்படித்தான் அந்த 450ஐ வரவைத்திருக்கிறார்கள். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் அவ்வளவு தேவைப்பட்டது இருபது வருஷத்துக்கு முந்தைய கணினிகளுக்கு. தம்பியின் கணினி கேட்பது 12 வோல்ட், அங்கே இருப்பது 192. ஓம்விதியின் கணக்குப்படியே கார்டு 132, ப்ராசஸர் 65, ஆக 197. ஃபேனையும் டிஸ்க் மோட்டாரையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஓம்விதி:
5 வாட் வித்தியாசத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்? 65 என்பது ப்ராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது. கேம் விளையாடும்போது கார்டும் ப்ராசஸரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. தம்பியின் மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். நொடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் போகாமல் கட்டிப் போட்டால் பல கேம்களில் கார்டு 100 வாட்டைக்கூடத் தொடாது. இதே எஸ்எம்பிஎஸ் எட்டு வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லாமல் ஓடியிருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

கருகியபோர்டு:
எட்டு வருஷம் ஓடியதற்குக் காரணம் 1050 டிஐ. அது மொத்தமே 75 வாட், அதையும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சைக்கிளில் எட்டு வருஷம் பள்ளிக்கூடம் போனேன், அதனால் அதே சைக்கிளில் இன்று நெல் மூட்டை ஏற்றுவேன் என்பதுபோல இருக்கிறது உங்கள் வாதம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் எட்டு வயது. பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரிக்கல் படித்த உங்களுக்குத் தெரியும். மதுரையில் மே மாதம் மதியம் அந்த அறை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

16 ஆம்பியருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ரிச்சிதெரு நடை:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 80 பிளஸ் முத்திரை இல்லாத எஸ்எம்பிஎஸ் போட்டிருப்பதில் 60 சதவீதம்தான் தரும். 80 பிளஸ் என்றால் 80 சதவீதம் தரும். எனவே 450 என்றால் உண்மையில் 270தான்.

ஓம்விதி:
தப்பு. 80 பிளஸ் என்பது சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. 80 சதவீதத் திறன் இருந்தால், 450 வாட் வெளியே கொடுக்க சுவரிலிருந்து சுமார் 560 வாட் எடுக்கும். கொடுப்பது குறையாது, கரண்ட் பில்தான் ஏறும்.

கருகியபோர்டு:
இதில் மட்டும் ஓம்விதி சொல்வது சரி. ஆனால் 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்பது அப்படியேதான் இருக்கிறது.

ரைசன்ராசா:
இந்தத் தலைவலியே இன்டெல் வாங்கியதால் வந்தது. 2017இல் நான் ரைசன் 5 1600 வாங்கினேன், பி350 போர்டு. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து இன்று அதே போர்டில் ரைசன் 5 5600 ஓடுகிறது. தம்பியின் பி250 போர்டில் அதே வருஷக் கடைசியில் வந்த எட்டாம் தலைமுறை ப்ராசஸரைக்கூடப் போட முடியாது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் 1151 என்று ஒன்றேதான், இருந்தும் 300 வரிசை போர்டு வேண்டும் என்றார்கள். அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. வாட் குறைவாக வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போடட்டும், 107 வாட்தான்.

ஓம்விதி:
6500 எக்ஸ்டி நாலு லேன் (போர்டோடு தரவு போய்வரும் பாதை) மட்டுமே உள்ள கார்டு ராசா. தம்பியின் போர்டில் கார்டு மாட்டும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0. அதில் நாலு லேன் என்றால் கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்ததும் திக்கித் திணறும். 6600க்கு எட்டு லேன், 3.0 போர்டிலும் பெரிய இழப்பு இல்லை. அதனால்தான் நான் 6600 சொன்னேன். இங்கே யாராவது முழுக் கணினியையும் யோசித்துப் பேசுகிறீர்களா?

ரைசன்ராசா:
முழுக் கணினியையா? அந்த நாலு கோர், நாலு த்ரெட் ப்ராசஸர் 6600க்கு ஈடு கொடுக்குமா? புது ஓப்பன் வேர்ல்டு கேம்களில் ப்ராசஸர் 100 சதவீதத்தில் நிற்கும், கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. தம்பியின் ஐ5-7400 விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. செத்த போர்டுக்கு எஸ்எம்பிஎஸ் சண்டை.

ஓம்விதி:
உங்கள் 1600உம் அந்தப் பட்டியலில் இல்லை, அதையும் சொல்லுங்கள். வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் தம்பி காசு சேர்க்கட்டும், 6600ஐ அடுத்த கணினிக்குக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

ரிச்சிதெரு நடை:
ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கிறதே? 70 வாட், தனி வயர் வேண்டாம், ஸ்லாட்டிலேயே ஓடும். இப்போதைய எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படியே போடலாம்.

ஓம்விதி:
6600ஐவிட நல்ல வேகக் குறைவு. தெரிந்தே குறைந்ததை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

கருகியபோர்டு:
3050 போட்டாலும் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும். என் கணக்கு இதுதான்: முதலில் நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ், அப்புறம் இன்னொரு 8 ஜிபி ராம் ஸ்டிக் போட்டு டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பது), அப்புறம் ஒரு எஸ்எஸ்டி. ராம் விலை 2025 கடைசியில் கண்டபடி ஏறியதால் செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 தேடினாலும் தப்பில்லை. மிச்சக் காசுக்கு என்ன கார்டு கிடைக்கிறதோ அது.

ஓம்விதி:
செகண்ட் ஹேண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. போன வருஷம் இதே இடத்தில் உங்கள் பேச்சைக் கேட்டு கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டு வாங்கியவருக்கு ஒரே மாதத்தில் ஃபேன் நின்றது. அப்போது ஆம்பியர் கணக்கெல்லாம் எங்கே போனது?

கருகியபோர்டு:
ஃபேன் நின்றது, 600 ரூபாயில் மாற்றினார், கார்டு இன்றும் ஓடுகிறது. அவரே எழுதினார், நீங்கள்தான் படிக்கவில்லை. ஃபேன் நின்றால் கார்டு சூடாகித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ் போனால் கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். 16 ஆம்பியருக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஓம்விதி:
பதில் சொல்லியாகிவிட்டது. 60 ஃப்ரேமில் கட்டினால் போதும்.

கருகியபோர்டு:
கட்டியிருந்தாலும், காட்சி மாறும்போது மில்லி செகண்டுகளுக்குக் கார்டு சராசரியைவிட எக்கச்சக்கமாக இழுக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் தாங்கும், இல்லாவிட்டால் ஒழுங்காக அணைந்துகொள்ளும். 192 வாட்காரனிடம் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று எழுதித் தருவீர்களா?

ஓம்விதி:
நான் என்ன இன்ஷூரன்ஸ் கம்பெனியா?

கருகியபோர்டு:
பிறகு எதற்குத் தைரியம் கொடுக்கிறீர்கள்?

பழையஐ5:
அண்ணா, சண்டை வேண்டாம். நான் நேற்று ராத்திரியே 6600க்கு ஆர்டர் போட்டுவிட்டேன், புதன்கிழமை வரும். இரண்டு மோலெக்ஸிலிருந்து 8 பின் ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று 150 ரூபாய்க்கு இருந்தது, அதையும் சேர்த்துவிட்டேன். அது போதுமா? எந்த இரண்டு மோலெக்ஸில் மாட்டுவது?

ஓம்விதி:
போதும் தம்பி. ஒரே வயரில் வருகிற இரண்டு வேண்டாம், தனித்தனி வயராகப் பார்த்து மாட்டுங்கள். ஒன்றும் ஆகாது.

கருகியபோர்டு:
மாட்டாதீர்கள் தம்பி! மோலெக்ஸில் 12 வோல்ட் வருவது ஒரே ஒரு மஞ்சள் வயரில். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அது எவ்வளவு மெல்லிசு என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். கார்டு வந்தால் பெட்டியோடு ஒரு வாரம் இருக்கட்டும். அப்பாவிடம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நான் பேசட்டுமா? எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஓம்விதி:
அப்பாவரைக்கும் போய்விட்டாரா? தம்பி, புதன்கிழமை மாட்டிவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

ரைசன்ராசா:
அந்த ஆர்டரைக் கேன்சல் செய்து ரைசனுக்கான பி450 போர்டு பாருங்கள் தம்பி. இன்னும் நேரம் இருக்கிறது.